வீட்டை வாங்குமுன் ஹக்கை விசாரியுங்கள்

பெருமானார் (ஸல்) அவர்கள் கி.பி. 622ஆம் ஆண்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்து வந்தபோது, அவர்களைச் சுமந்து வந்த ஒட்டகம் ஓரிடத்தில் மண்டியிட்டது. பேரீச்சம்பழம் உலர்த்தும் களம் அது. ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. அவர்கள் அஸ்அது இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் பராமரிப்பில் இருந்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிறுவர்களை அழைத்து, பள்ளிவாசல் கட்டுவதற்காக அந்த இடத்துக்கு விலை பேசினார்கள். விலை வேண்டாம், அன்பளிப்பாகவே தந்துவிடுகிறோம் என்று சிறுவர்கள் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய பிறகே அங்கே மஸ்ஜிதுன்னபவி எழுந்தது. இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் வந்துள்ளது.

சகோதர சகோதரிகளே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். கேட்டவர் அல்லாஹ்வின் தூதர். கொடுக்க முன்வந்தவர்களோ மனம் உவந்து கொடுத்தார்கள். கட்டப் போவதோ அல்லாஹ்வுடைய பள்ளி. அப்படியிருந்தும், இரண்டு அநாதைகளின் ஹக்கு முழுமையாக அவர்கள் கையில் சேர்ந்த பின்னரே அந்த மண்ணில் அஸ்திவாரம் தோண்டப்பட்டது. அப்படியானால், நாம் குடியிருக்க வாங்கும் வீட்டில் யாருடைய ஹக்கு ஒட்டியிருக்கிறது என்று நாம் எவ்வளவு விசாரிக்க வேண்டும்!

முதன்முதலாக வீடு வாங்கப் போகிறவர்களுக்கு ஆயிரம் யோசனை சொல்ல ஆள் உண்டு. வாசல் எந்தத் திசை, கிணற்றுத் தண்ணீர் உப்பா நல்லதா, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். இவை கேட்க வேண்டியவைதாம். ஆனால் அந்த வீட்டின் பழைய சொந்தக்காரர் மௌத்தாகும்போது பெண்மக்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்பவர் அரிது. இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

வில்லங்கச் சான்று சொல்லாத வில்லங்கம்

வீடு வாங்குகிறவர் தாய்ப்பத்திரத்தைப் பார்க்கிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கிறார். பட்டா யார் பெயரில் இருக்கிறது, வீட்டு வரி ரசீது சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார். இவையெல்லாம் அவசியம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், சாட்சி நிறுத்தவும் அல்லாஹுத்தஆலா ஸூரத்துல் பகராவின் 282ஆம் ஆயத்தில் கட்டளையிட்டிருக்கிறான். இத்தனை நீளமாக எழுத்தையும் சாட்சியையும் பற்றிப் பேசும் மார்க்கத்தைச் சேர்ந்தவன், வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வீடு வாங்கக்கூடாது.

ஆனால் வில்லங்கச் சான்று என்பது பதிவான பத்திரங்களின் பட்டியல் மட்டுமே. பதிவாகாதது அதில் வராது. ஒருவர் மௌத்தானால் அந்த நொடியிலேயே அவர் சொத்து வாரிசுகள் அனைவருக்கும் அவரவர் பங்குப்படி உரிமையாகிவிடுகிறது. இது எந்த அலுவலகத்திலும் பதிவாவதில்லை. தகப்பனார் தம் வாழ்நாளில் வாய்மொழியாக ஹிபா செய்து, அதை ஏற்றுக்கொண்டவர் கையில் ஒப்படைத்தும் இருந்தால், அதுவும் செல்லும். முஸ்லிம்களின் ஹிபாவுக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதை 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 129ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. 2011இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இதுவும் வில்லங்கச் சான்றில் வராது. எனவே வில்லங்கம் இல்லை என்று காகிதம் சொன்னாலும், ஹக்கு இல்லை என்று ஆகிவிடாது.

நான் வாங்கிய வீடு

இதை நான் கிதாபில் படித்து மட்டும் எழுதவில்லை. 1994ஆம் வருடம் நானே இதில் சிக்கினேன்.

அப்போது நான் மதரஸாவில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 16 வருடம் வாடகை வீட்டில் இருந்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, வீட்டுக்காரியின் நகையையும் விற்று, பள்ளிவாசலுக்கு நான்கு வீடு தள்ளி ஓர் ஓட்டு வீட்டுக்கு விலை பேசினேன். 1,60,000 ரூபாய். விற்றவர்கள் அண்ணன் தம்பி இருவர். வாப்பா மௌத்தாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. உம்மா இருந்தார்கள். 10,000 ரூபாய் அச்சாரம் கொடுத்து ஒப்பந்தமும் எழுதியாயிற்று. தரகர், "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, எல்லாம் சுத்தம்" என்றார். என் மனைவி சமையலறையில் எங்கே அடுப்பு வைப்பது என்று அளந்துகூடப் பார்த்துவிட்டாள்.

எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதிடம் துஆ கேட்கப் போனேன். அவர்கள் விலையைக் கேட்கவில்லை, வாசலைக் கேட்கவில்லை. "மையித்துக்குப் பெண்மக்கள் எத்தனை?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. "பத்திரத்தைப் படித்தீர். குடும்பத்தைப் படிக்கவில்லையே!" என்றார்கள். மீராஸ் பாடம் நடத்துகிறவன் நான். வெட்கம் என்னைத் தின்றது.

விசாரித்தேன். ஒரு பெண் இருந்தார். மேலப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, மாப்பிள்ளை மௌத்தாகி, பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கையெழுத்து ஒப்பந்தத்தில் இல்லை. அண்ணன்காரரிடம் கேட்டேன். "கலியாணத்துக்கே 15 பவுன் போட்டாச்சு. அதோடு அவள் கணக்குத் தீர்ந்தது. உங்களுக்கு வேண்டாமென்றால் வேறு ஆள் காத்திருக்கிறார்" என்றார். அந்த ஆள் காத்திருந்ததும் உண்மைதான்.

நானும் என் மனைவியும் பஸ் ஏறி மேலப்பாளையம் போனோம். அந்தச் சகோதரி பீடித் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். "எனக்குப் பங்கு வேணாம் காக்கா" என்றார். "பங்கு கேட்டேன்னு எங்க காக்காமார் முகத்தைத் திருப்பிக்கிட்டா, பெருநாளைக்கு நான் எந்த வாசலுக்குப் போவேன்?"

"உங்கள் பங்கு எவ்வளவு என்று தெரியுமாம்மா?" என்று கேட்டேன். இரண்டாயிரம், மூவாயிரம் இருக்கும் என்றார். 28,000 ரூபாய் என்று சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவ்வளவா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு நான்கு மாதம் இழுத்தது. அண்ணன்காரர் அசையவில்லை. அச்சாரத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு விலகிவிடலாமா என்று பல இரவு யோசித்தேன். முடிவில் அந்தத் தாயார்தாம் வழி திறந்தார்கள். "எம் மவள் கை படாத பத்திரத்துல எங் கையும் படாது" என்று சொல்லிவிட்டார்கள். கிரயப் பத்திரத்தில் நான்கு பேரும் கையெழுத்திட்டார்கள். அவரவர் தொகையை அவரவர் கையில், சாட்சிகள் முன்னிலையில் எண்ணிக் கொடுத்தேன். அண்ணன்காரர் அதற்குப் பிறகு பல வருடம் எனக்கு ஸலாம் சொன்னதில்லை. அல்லாஹ் அவரை மன்னிப்பானாக.

பங்கு பிரியும் கணக்கு

28,000 ரூபாய் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

மையித்தின் சொத்திலிருந்து முதலில் கஃபன், தஃபன் செலவு; பிறகு கடன்; மனைவிக்குக் கொடுக்காமல் நின்ற மஹரும் கடனே. அதன்பின் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத். மீதி வாரிசுகளுக்கு. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண்களின் பங்கு. மனைவி, இரண்டு ஆண்மக்கள், ஒரு பெண் என்றால் சொத்தை 40 பாகமாக்குங்கள். தாய்க்கு 5, ஆண்மக்களுக்கு 14, 14, பெண்ணுக்கு 7. வீட்டின் விலை 1,60,000 என்றால் ஒரு பாகம் 4,000. தாய்க்கு 20,000, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 56,000, பெண்ணுக்கு 28,000. மையித்தின் தகப்பனாரோ தாயாரோ உயிரோடிருந்தால் அவர்களுக்கும் பங்குண்டு, கணக்கு மாறும். ஆகவே பக்கத்திலுள்ள ஆலிமிடம் வாரிசுகள் அனைவரின் விவரத்தையும் சொல்லிக் கணக்கெழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இது மனிதன் வகுத்த கணக்கன்று. உஹது யுத்தத்தில் ஸஅது இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். அவர்களுடைய சொத்து முழுவதையும் சகோதரர் எடுத்துக்கொண்டார். விதவையான மனைவி இரண்டு பெண் குழந்தைகளுடன் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். பாகப்பிரிவினை ஆயத்து இறங்கியது. பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், தாய்க்கு எட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள் (திர்மிதீ, அபூதாவூத்). ஸூரத்துந்நிஸாவில் இப்பங்குகளைச் சொல்லி முடித்ததும், இவை தான் விதித்த வரம்புகள் என்றும், இவற்றை மீறுபவனுக்கு நரகம் என்றும் அல்லாஹ் எச்சரிக்கிறான் (4:13, 14). தொழுகையை விட்டவனைக் கண்டிக்கும் நம் ஊர்கள், சகோதரியின் பங்கை விழுங்கியவனைப் பந்தியில் முதலில் உட்கார வைப்பது நியாயமா?

நாட்டுச் சட்டமும் இதில் நமக்கு இடையூறாக இல்லை. 1937ஆம் வருடத்து ஷரீஅத் சட்டத்தின்படி முஸ்லிம்களின் வாரிசுரிமை ஷரீஅத்தையே சார்ந்தது. அதில் விடுபட்டிருந்த நஞ்சை, புஞ்சை நிலத்தையும் 1949ஆம் வருடத்துச் சென்னை மாகாணத் திருத்தம் சேர்த்துவிட்டது. ஆகவே குறை சட்டத்தில் இல்லை, நம்மிடத்தில்தான்.

"அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள்"

இந்த ஒரு வார்த்தையில்தான் எத்தனையோ வீடுகள் கைமாறுகின்றன. விட்டுக்கொடுப்பது மார்க்கத்தில் உண்டு. ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, வாப்பா உயிரோடிருக்கும்போது எழுதி வாங்கிய விடுதலை விடுதலையாகாது. மௌத்துக்கு முன் வாரிசுரிமையே பிறக்கவில்லை. பிறக்காததை எப்படி விடுவது? இரண்டாவது, கலியாணத்தில் போட்ட நகையும் சீரும் தகப்பன் தன் வாழ்நாளில் மகளுக்குச் செய்த அன்பளிப்பு. அதை வாரிசுப் பங்கில் கழிக்க முடியாது. மூன்றாவது, இன்னதை விடுகிறோம், இவ்வளவு மதிப்புள்ளதை விடுகிறோம் என்று அவள் அறிந்திருக்க வேண்டும். நான்காவது, பயமோ வெட்கமோ வற்புறுத்தலோ இருக்கக்கூடாது. ஒருவர் பொருளை ஒருவர் உண்பதற்கு இருவரின் உளப் பொருத்தம் வேண்டுமென்று அல்லாஹ் விதித்திருக்கிறான் (4:29). அண்ணன் முகம் கோணுமே என்று அஞ்சித் தலையாட்டியது உளப் பொருத்தமா?

ஆகவே ஆலிம்கள் சொல்லும் பத்திரமான வழி இதுதான். பங்கை முதலில் அவள் கையில் கொடுங்கள். அது அவள் கையில் ஒரு நாளாவது இருக்கட்டும். அதன்பிறகு அண்ணனுக்கோ தம்பிக்கோ அவள் மனமுவந்து திருப்பிக் கொடுத்தால் அது அவளுடைய தாராளம்; அதற்கு நன்மையும் உண்டு. கொடுக்காவிட்டால் அது அவளுடைய ஹக்கு. அதற்காக யாரும் அவளைக் கோபிக்கக் கூடாது.

காலம் கடந்துவிட்டது என்ற சாக்கும் மார்க்கத்தில் செல்லாது. வருடம் பல ஓடிவிட்டதால் ஹக்கு அழிவதில்லை. நீதிமன்றத் தீர்ப்பும் ஹராமை ஹலாலாக்காது. வழக்காடுகிறவர்களில் ஒருவர் வாதத் திறமையுள்ளவராக இருக்கலாம். கேட்டதை வைத்து அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, அது இன்னொருவரின் ஹக்காக இருந்துவிட்டால், தாம் அவருக்கு வெட்டிக் கொடுப்பது நெருப்புத் துண்டே என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). நாயகத்தின் தீர்ப்பே ஹக்கை மாற்றாது என்றால், சார்பதிவாளரின் முத்திரை மாற்றுமா?

அநாதைகளும் சிறார்களும்

மையித்தின் பிள்ளைகளில் பருவம் எய்தாதவர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அநாதைகளின் சொத்தை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (4:10). சிறாரின் சொத்துக்கு வலீயாக இருந்து விற்கும் அதிகாரம் தகப்பன், தகப்பனின் தகப்பன், அவர்கள் நியமித்த வஸீ ஆகியோருக்குரியது. அவர்கள் இல்லாவிட்டால் காழிக்குரியது. தாயோ மாமனோ பெரிய காக்காவோ தாமாகவே கையெழுத்திட்டு விற்றுவிட முடியாது. இவ்விதமான விற்பனை செல்லாது என்பது 1918இல் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பிலிருந்தே நிலைபெற்ற சட்டம். இந்நாட்டில் 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றத்தில் அனுமதி பெற்ற பிறகே அத்தகைய பங்கை வாங்க வேண்டும்.

வாரிசுகளில் ஒருவர் இடையில் மௌத்தாகியிருந்தால் அவரை மறந்துவிடாதீர்கள். வாப்பாவுக்குப் பிறகு இறந்த மகளின் பங்கு அவளோடு போய்விடவில்லை. அவளுடைய கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் மற்ற வாரிசுகளுக்கும் அது பிரிந்திருக்கிறது. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழோடு நில்லாமல், ஊர் ஜமாஅத்திலும் உறவுக்காரர்களிடமும் குடும்ப விவரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது இதற்காகத்தான்.

மகளுக்குக் கொடுத்த வீடும் வக்ஃபு நிலமும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்ணுக்குக் கலியாணத்தின்போது வீட்டையே கொடுப்பது வழக்கம். அவ்வீடு அந்தப் பெண்ணின் சொத்து. கணவனோ அண்ணன் தம்பிகளோ அதற்கு விலை பேசினால், வாங்குகிறவர் அந்தப் பெண்ணிடமே நேரில் கேட்க வேண்டும். மனைவியின் பொருளில் கணவனுக்கு அவள் அனுமதியின்றி அதிகாரமில்லை. வீடு கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல்: நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவர் தகப்பனார் அன்பளிப்புக் கொடுத்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தாயா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டு, பிள்ளைகளிடையே நீதியாக நடக்கும்படி உபதேசித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஒரு பிள்ளைக்குக் கொடுக்கும்போது மற்றப் பிள்ளைகளை மறக்க வேண்டாம்.

பள்ளிவாசல், தர்கா, மதரஸா ஆகியவற்றின் அருகில் மனை வாங்குகிறவர்கள், அது வக்ஃபு செய்யப்பட்ட இடமா என்று பள்ளி நிர்வாகத்திலும் வக்ஃபு வாரியத்திலும் விசாரிக்க வேண்டும். அல்லாஹ்வுக்காக வக்ஃபு செய்ததை முதவல்லியானாலும் விற்க முடியாது. தெரிந்து வாங்குகிறவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவனுக்குக் கியாமத் நாளில் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாகப் போடப்படும் என்ற ஹதீஸை (புகாரி, முஸ்லிம்) இவ்விடத்தில் நினைவில் வைப்போமாக.

அண்டை வீட்டாரின் ஹக்கு

அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளவுக்குள் இரண்டு அறைகள் இருந்தன. அவற்றை ஸஅது அவர்களிடமே விற்க முன்வந்தார்கள். நாலாயிரம் திர்ஹத்துக்கு மேல் தர இயலாது, அதையும் தவணையாகத்தான் தர முடியும் என்றார்கள் ஸஅது. எனக்கு வெளியே 500 தீனார் தருவதாகக் கேட்டார்கள். ஆயினும் அண்டை வீட்டாருக்கு அருகாமையால் அதிக உரிமை உண்டு என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லி, குறைந்த விலைக்கே கொடுத்துவிட்டார்கள் (புகாரி).

ஷுஃப்ஆ என்னும் இவ்வுரிமை ஷாஃபிஈ மத்ஹபில் பிரிக்கப்படாத சொத்தின் பங்காளிக்கு மட்டும். ஹனஃபீ மத்ஹபில் அடுத்த வீட்டாருக்கும் உண்டு. தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் இது சட்டமாக நடப்பில் இல்லை. எனினும் வாங்குகிறவர் ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "இந்த வீட்டுக்கு நான் விலை பேசியிருக்கிறேன், உங்களுக்கு எண்ணம் உண்டா?" என்று கேட்பதில் என்ன குறைந்துவிடும்? நான் கேட்டேன். அவருக்கு எண்ணமில்லை. ஆனால் மழைத் தண்ணீர் போகும் வழி ஒன்று இரண்டு வீட்டுக்கும் பொது என்ற விவரம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. குடி வந்த பிறகு வரவேண்டிய சண்டை அன்றே தீர்ந்தது.

பத்திரத்தில் எழுதும் விலையும் கொடுக்கும் பணமும்

உண்மையான விலை ஒன்று, பத்திரத்தில் எழுதும் விலை ஒன்று என்பது ஊர்வழக்காகிவிட்டது. 2023 முதல் தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து பொதுவாக நூற்றுக்கு 9 ரூபாய் ஆகிறது. தொகை பெரியதுதான். அதற்காகப் பொய்யை எழுதி, சாட்சிகளையும் பொய்யில் இழுப்பது கூடாது. இதில் வாரிசுகளுக்கும் கெடுதல் உண்டு. எழுதிய விலையைக் காட்டி அதன்படி மட்டும் பெண்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு, மீதியை ஆண்கள் பிரித்துக்கொண்ட வீடுகளும் உண்டு. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் துடைக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (புகாரி, முஸ்லிம்). சுவரில் ஓதம் இருந்தால் விற்பவர் சொல்லட்டும். கையில் பணம் எப்போது வரும் என்பதை வாங்குபவர் சொல்லட்டும்.

வீடு ஹலாலாக இருப்பதுபோல் அதற்குக் கொடுக்கும் பணமும் ஹலாலாக இருக்க வேண்டும். வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதன் சாட்சிகள் இருவர், இவர்கள் அனைவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்து, அவர்கள் குற்றத்தில் சமம் என்று கூறியதாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (முஸ்லிம்). வட்டிக் கடனில்லாமல் இக்காலத்தில் வீடு வாங்க முடியுமா என்று கேட்பார்கள். கடினம்தான், முடியாததன்று. முன்சொன்ன ஸஅது (ரலி) அவர்களைப் போல விற்பவரிடமே தவணை கேட்கலாம். விலையும் கெடுவும் முதலிலேயே முடிவாகி, தாமதத்துக்காகக் கூடுதல் இல்லாதிருந்தால் போதும். முதலில் மனையை வாங்கி, இரண்டு மூன்று வருடம் கழித்து ஓர் அறையும் அடுப்படியும் கட்டிக் குடியேறலாம். உறவினர் பத்துப் பேர் சேர்ந்து, தள்ளுபடியில்லாமல் முறைவைத்து எடுக்கும் சீட்டு நடத்தலாம். ஏலத்தில் தள்ளி எடுக்கும் சீட்டு வேறு, அதில் வட்டி கலக்கிறது. அதுவரை குடியிருக்க ஒத்திக்கு வீடு பிடிப்பவர்களும் யோசிக்க வேண்டும். கொடுத்த முழுத் தொகையும் திரும்பி வர, வாடகையில்லாமல் குடியிருப்பது கடனுக்குப் பெறும் லாபம் என்றே ஆலிம்கள் பலர் விளக்கியுள்ளார்கள். நியாயமான வாடகை ஒன்றைப் பேசிக் கொடுத்துக் குடியிருப்பது நிம்மதி.

யார் பெயரில் எழுதுவது?

பிறருடைய ஹக்கை விசாரித்து வாங்கியவர், தம் வீட்டிலேயே புது வழக்கை உண்டாக்கிவிடக் கூடாது. சபுராளித் தம்பி வளைகுடாவிலிருந்து பத்து வருடம் பணம் அனுப்புவார். ஊரிலுள்ள காக்கா தம் பெயரில் வீட்டை எழுதுவார். இருவரும் நல்லவர்களே. ஆனால் காக்கா மௌத்தாகும் அன்று, அவருடைய பிள்ளைகளுக்கு அது வாப்பாவின் வீடு. தம்பிக்கோ தம் வியர்வை. அந்தப் பணம் கடனா, அன்பளிப்பா, கூட்டா என்பதை அனுப்பும்போதே எழுதி வையுங்கள். மனைவியின் நகையை விற்று வாங்கினால் அது கடனா, அவள் பங்கா என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். நான் என் மனைவியின் நகை மதிப்பைக் கணக்கிட்டு, வீட்டில் நான்கில் ஒரு பங்கை அவள் பெயரிலேயே பதிந்தேன்.

அச்சாரம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

வாசக நேயர்கள் எழுதி வைத்துக்கொள்ள வசதியாகச் சுருக்கித் தருகிறேன்.

1. இந்த வீடு விற்பவருக்கு எப்படி வந்தது? கிரயமா, ஹிபாவா, மீராஸா?
2. மீராஸ் என்றால் மையித்தின் மனைவி, தாய், தகப்பன், ஆண்மக்கள், பெண்மக்கள் யார் யார்?
3. அவர்களில் பிறகு மௌத்தானவர் யார்? அவருடைய வாரிசுகள் யார்?
4. பருவம் எய்தாதவர் உண்டா? நீதிமன்ற அனுமதி பெற்றாயிற்றா?
5. மையித்துக்குக் கடனோ, மனைவிக்குத் தர வேண்டிய மஹரோ நிற்கிறதா?
6. ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் பங்கின் மதிப்புத் தெரியுமா? அவளிடம் நேரில் கேட்டீர்களா?
7. வக்ஃபு இடமா? பொதுவழி, தண்ணீர் போகும் வழி உண்டா? அண்டை வீட்டார் அறிவார்களா?

இவற்றைக் கேட்டால் வீடு கைநழுவிப் போகும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. சில வீடுகள் போகும். போகட்டும். ஒருவரிடம் நிலம் வாங்கியவர் அதில் தங்கம் நிறைந்த குடத்தைக் கண்டெடுத்து, "நான் நிலத்தைத்தான் வாங்கினேன், தங்கத்தை அல்ல" என்று விற்றவரிடம் கொண்டுபோனார். அவரோ நிலத்தோடு எல்லாவற்றையும் விற்றுவிட்டதாகச் சொல்லி ஏற்க மறுத்தார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் முன்னோரைப் பற்றிச் சொன்ன வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தமக்குரியதல்லாதது தம் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவ்விருவருடைய கவலை. அந்தக் கவலையில் சிறிதளவாவது நமக்கு வேண்டாமா?

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் நாள், ஆளில்லாத வீட்டுக்குள்ளும் ஸலாம் சொல்லி நுழைந்து, இரண்டு ரக்அத் தொழுது, ஸூரத்துல் பகரா ஓதினோம். அவ்வருடம் நோன்புப் பெருநாளன்று வாசலில் யாரோ ஸலாம் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். மேலப்பாளையத்துச் சகோதரி பிள்ளைகளோடு நின்றிருந்தார். "வாப்பா வீட்டைப் பார்க்க வந்தேன் காக்கா, வரலாமா?" என்றார். என் மனைவி ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். அவர் பிள்ளைகளுக்குக் கிணற்றைக் காட்டினார். தாம் ஓதிய திண்ணையைக் காட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு பெருநாளும் வந்தார். சில வருடங்கள் கழித்து அவருடைய தம்பியும் கூட வந்தார்.

பங்கை வாங்கினால் வாசல் அடைபட்டுவிடும் என்று அஞ்சிய பெண்ணுக்கு அல்லாஹ் அதே வாசலைத் திறந்து வைத்தான். அவருடைய ஹக்கை விழுங்கி அந்த வீட்டை வாங்கியிருந்தால், அன்று அவர் சொன்ன ஸலாமுக்கு நான் எந்த முகத்தோடு பதில் சொல்லியிருப்பேன்?

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களைப் பிறர் ஹக்குக் கலவாத ஹலாலான இல்லங்களாகவும், ஸலாமும் திலாவத்தும் ஒலிக்கும் பரக்கத்தான இல்லங்களாகவும் ஆக்கியருள்வானாக. வீடில்லாத நம் சகோதரர்களுக்கு ஹலாலான வழியில் வீட்டை அருள்வானாக. ஆமீன்.